எங்கள் ரோட்டை நாங்களே வெட்டிய ஐப்பசி

யூனியன் சேர்மனாக இருந்தவர் பொய் சொல்கிறார். எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவந்தது தான்தான் என்று மேடைக்கு மேடை சொல்கிறார். போன மாசம் திருச்சுழியில் ஒரு கல்யாணப் பந்தலிலும் மைக்கைப் பிடித்து அதையே சொல்லியிருக்கிறார். அவர் கொண்டுவரவில்லை. வந்துகொண்டிருந்த தண்ணீரை அவர் போட்ட ரோடு மறித்தது. அந்த ரோட்டை வெட்டித் தண்ணீரைக் கூட்டிவந்தது எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து. அந்தப் பஞ்சாயத்தில் நானும் இருந்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

பஞ்சாயத்தில் ஒரு பெண்ணும் இருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னதால் என்னைப் போட்டார்கள். மூலையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டால் போதும் என்று நினைத்தார்கள். எனக்கு வாய் அடங்காது என்பது எங்கள் வீட்டுக்காரருக்குத் தெரியும். அவர்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

எங்கள் ஊர் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற பெரிய ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. கரிசல் காடு. பருத்தி, மிளகாய், கம்பு. கண்மாய்க்குக் கீழே கொஞ்சம் வயல். ஆறு கிடையாது. மேற்கே மேட்டில் பெய்கிற மழை ஓடையில் சேர்ந்து, ஓடையிலிருந்து வரத்துக்கால் வழியாகக் கண்மாய்க்கு வர வேண்டும். வந்தால் வயல் விளையும். அதைவிடப் பெரிய விஷயம், குடிக்கிற தண்ணீர். ஊருக்குள் எங்கே தோண்டினாலும் உப்பு. கண்மாய்க்குள் இருக்கிற ஒரே கிணறுதான் நல்ல தண்ணீர். கண்மாய் நிறைந்தால் அது இனிக்கும். கண்மாய் காய்ந்து கிடந்தால் அதுவும் உவர்த்துப்போகும்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஐப்பசியில் மேற்கே இடி கேட்டதும் வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு கிளம்பி, வரத்துக்கால் வழியே மேல்நோக்கி நடப்பார்கள். போகிற வழியில் முள்ளை வெட்டுவார்கள், மேடு தட்டின இடத்தைத் தள்ளுவார்கள். ஓடைத் தலைப்பில் தண்ணீரைச் சந்தித்து, அதோடு சேர்ந்து ஊருக்குத் திரும்பி நடப்பார்கள். தண்ணீர் அழைக்கப் போகிறோம் என்பார்கள். பெண்கள் கண்மாய்க் கரையில் நின்று குலவை போடுவோம். கேட்கச் சடங்கு மாதிரி இருக்கும். உண்மையில் வருஷத்துக்கு ஒரு முறை ஊரே வரத்துக்காலைப் பார்த்துச் சுத்தம் பண்ணும் வேலை அது.

அறுபதுகளின் நடுவில் மழை வரிசையாக ஏமாற்றியது. தண்ணீர் அழைக்கப் போக வேண்டிய வேலையே இல்லாமல் போனது. வரத்துக்கால் மணல் நிரம்பி, இறுகிச் சமமாகக் கிடந்தது. வெடித்துக் கிடந்த கரிசல் பாதையில் மாடு இழுக்கத் திணறும். இதில் வண்டி சுலபமாக உருளும். எல்லோரும் வண்டியை அதற்குள் விட்டார்கள். கொஞ்ச நாளில் அதற்கு வண்டிப்பாதை என்றே பேர் ஆகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் யூனியன் எங்களுக்கு ரோடு போட வந்தது. ஓவர்சியர் சங்கிலி பிடித்து அளந்துகொண்டே வந்தவர், வரத்துக்கால் குறுக்கிடும் இடத்தில் நின்று கேட்டார்.

“இது என்னய்யா, ஏதும் வாய்க்காலா?”

“வண்டிப்பாதைதான் சார். நீங்க பாட்டுக்குப் போடுங்க” என்று எங்கள் ஆட்கள் ஒரே குரலில் சொன்னார்கள். பஸ் வரப்போகிற ஆசை. பிரசவ வலி கண்டவளைக் கட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு போன ஊருக்கு அந்த ஆசை தப்பில்லை. ஆனால் இப்படி ஒரு முட்டாள்தனத்தை எங்கள் ஊரைத் தவிர வேறு எந்த ஊரும் செய்திருக்காது. தண்ணீர் வரும் வழியைத் தானே மறந்து, அதன்மேல் மண்ணைக் கொட்டச் சொன்னது.

சேர்மன் வந்து பஸ்ஸைத் துவக்கிவைத்தார். மாலை, மேளம், முன்சீட்டில் சேர்மன். நாங்கள் எல்லோரும் ஏறி அருப்புக்கோட்டை வரைக்கும் போய்விட்டு வந்தோம்.

அடுத்த ஐப்பசியில் மழை அடித்தது. பழைய மழை. ஆண்கள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நாங்கள் கரையில் குலவைக்கு நின்றோம். நின்றோம், நின்றோம், தண்ணீர் வரவில்லை. நான் கரையை விட்டு இறங்கி ரோட்டுப் பக்கம் போனேன். வரத்துக்கால் நிறைய வந்த வெள்ளம் ரோட்டு மேட்டில் முட்டி, தெற்கே திரும்பி, ரோட்டு ஓரமாகவே ஓடிப் பக்கத்து ஓடையில் விழுந்துகொண்டிருந்தது. அந்த ஓடை சேர்மன் ஊர்க் கண்மாய்க்குப் போகிறது. எங்கள் ஆட்கள் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ரோட்டின்மேல் வரிசையாக நின்றார்கள். வழிவிடச் சொல்லி பஸ் ஹாரன் அடித்தது.

என் நாத்தனார்தான் முதலில் வாயைத் திறந்தாள். “என்ன மதினி, தண்ணி பஸ்ஸு ஏறிப் போயிருச்சே. டிக்கெட்டு யாரு எடுத்தா?”

யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கோடையில் கிணறு உவர்த்தது. பருப்பு வேகவில்லை. பாலை ஊற்றினால் காப்பி திரிந்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஊருக்கு நடந்தோம். அங்கே இருந்தவர்கள் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கே பற்றாது.

யூனியன் ஆபீசுக்குப் போனோம். ரோடுதான் எங்கள் வேலை, வரத்துக்கால் டவுனில் இருக்கிற ஆபீசைச் சேர்ந்தது என்றார்கள். டவுன் ஆபீசில், பெரிய கண்மாய்தான் எங்களுடையது, உங்களுடையது சின்னக் கண்மாய், யூனியனைக் கேளுங்கள் என்றார்கள். தாலுகாவில், நிலம் எங்களுடையது, அதில் ஓடுகிற தண்ணீரைப் பற்றி எங்களுக்குத் தெரியாது என்றார்கள். மேட்டில் விழுந்த மழை எந்த ஆபீசையும் கேட்டுக்கொண்டு இறங்குவதில்லை. அதை இத்தனை துண்டாக வெட்டிப் பங்கு போட்டது யார்?

இந்த அலைச்சலில் ஒரு விஷயம் மட்டும் தெரிந்தது. ரோடு முடிந்ததும், ஊருக்குள் வருகிற கடைசித் துண்டைப் பராமரிக்கச் சொல்லி யூனியன் எங்கள் பஞ்சாயத்துத் தலையில் கட்டிவிட்டது. வரத்துக்கால் அந்தத் துண்டில்தான் இருக்கிறது.

பஞ்சாயத்துக் கூட்டத்தில் தலைவரைக் கேட்டேன். அவர் எனக்கு மாமா முறை. பஸ் நிற்கிற இடத்தில் காப்பிக்கடை வைத்திருந்தார்.

“மாமா, அந்த ரோடு இப்ப யாரு ரோடு?”

“நம்ம ரோடுதான் ஆத்தா.”

“அப்ப வெட்டுவோம்.”

மனுஷன் உட்கார்ந்த இடத்தில் நெளிந்தார். “பஸ்ஸு நின்னுரும்த்தா. சேர்மன் அவுக கோவிச்சுக்கிருவாக. அடுத்து ஏதாச்சும் கேட்டுப்போனா மூஞ்சி குடுக்க மாட்டாக.”

“ஒங்க கடைக்கு அருப்புக்கோட்டையில இருந்து பஸ்ஸு மேல தகர டின்னுல தண்ணி வருது. ஒங்க காப்பி திரியாது. எங்க வீட்டுக்கு எந்த பஸ்ஸுல மாமா தண்ணி வருது?”

கூட்டத்தில் ஒருவர் இருமினார். இன்னொருவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தலைவரைப் பயந்தாங்கொள்ளி என்று நான் பல தடவை திட்டியிருக்கிறேன். அன்றைக்கு நிமிர்ந்தார். “சரி, எழுதுங்கப்பா. என்ன வந்தாலும் நான் பாத்துக்கிறேன்” என்றார்.

வரத்துக்கால் குறுக்கிடும் இடத்தில் ரோட்டை வெட்டி இறக்குவது, அடியில் கல் பாவி, தண்ணீரும் போகிற மாதிரி பஸ்ஸும் போகிற மாதிரி சப்பாத்து கட்டுவது, வீட்டுக்கு ஒரு ஆள் வேலைக்கு வருவது. இதுதான் தீர்மானம். மேற்கே இருக்கிற ஊர்ப் பஞ்சாயத்தோடும் பேசினோம். ஓடைத் தலைப்பில் அடைந்து கிடந்த முள்ளை அவர்கள் வெட்டுவது, பதிலுக்கு, கண்மாய் நிறைந்தால் அவர்கள் மாடு எங்கள் கண்மாயில் தண்ணீருக்கு இறங்குவது. இரண்டு பஞ்சாயத்தும் ஒப்புக்கொண்டன. எந்த ஆபீசிலும் முடியாத காரியம், வேப்பமரத்தடியில் ஒரு காலைப்பொழுதில் முடிந்தது.

ஐப்பசி பிறந்ததும் வெட்டினோம்! ஆணும் பெண்ணும் இறங்கிவிட்டோம். ஜல்லியைக் கடப்பாறையால் நெம்ப நெம்ப, அடியில் அந்தப் பழைய மணல் வெள்ளையாக வந்தது. வரத்துக்கால் அங்கேயே இருந்தது. ஒருவன் ரோட்டுக்கு நடுவே உட்கார்ந்து அந்த மணலை இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் பார்த்தான்.

கல்லைப் பாவிக்கொண்டிருந்தபோதே மேற்கே கறுத்தது. அந்த நேரம் பார்த்து பஸ் வந்து நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

“என்னய்யா அநியாயமா இருக்கு? ரோட்டக் காணோம்?”

“ரோடு எங்கயும் போகல அண்ணே, கொஞ்சம் குனிஞ்சிருக்கு” என்றாள் என் நாத்தனார். “இன்னைக்கு ஒரு நாள் தண்ணி போகட்டும். நாளைக்கு நீங்க போங்க.”

பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கிவிட்டார்கள். சிலர் திட்டினார்கள். வீரசோழத்துத் துணி வியாபாரி ஒருவர் மூட்டையைப் பஸ்ஸிலேயே வைத்துவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, “கல்ல இங்கிட்டுக் குடுங்க” என்று இறங்கினார். அதைப் பார்த்துத் திட்டியவர்களும் இறங்கினார்கள். கடைசிக் கல்லை வைத்தபோது மழை எங்கள்மேல் விழுந்துகொண்டிருந்தது.

“ஏலே, வாங்கலே மேல!” என்று ஒருவன் கத்தினான். ஆண்கள் ஓடினார்கள். பெண்கள் கரையில் நிற்பதுதான் வழக்கம். நான் நிற்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் ஓடினேன். என் பின்னால் நாத்தனார், அவள் பின்னால் ஊர்ப் பெண்கள் பாதிப் பேர்.

ஓடைத் தலைப்புக்குக் கொஞ்சம் முன்னாலேயே தண்ணீரைச் சந்தித்தோம். முதலில் சருகு வந்தது, ஆட்டுப்புழுக்கை வந்தது, அதன் பின்னால் செங்காவி நிறத்தில் நுரை தள்ளிக்கொண்டு தண்ணீர். சூடான மண் அதைக் குடிக்கிற சத்தம் கேட்டது. அதோடு சேர்ந்து நடந்தோம். நடை ஓட்டமாயிற்று. ரோடு வந்தது. எல்லோரும் ஓரமாக ஒதுங்கி நின்றோம். தண்ணீர் சப்பாத்தில் ஏறி, கல்லுக்குக் கல் தாவி, அந்தப் பக்கம் இறங்கி, நேராகக் கண்மாய்க்குப் போயிற்று. நான் போட்ட குலவைக்கு மறுநாள் தொண்டை கட்டிக்கொண்டது. பஸ் டிரைவர் ஹாரனில் இருந்து கையை எடுக்கவே இல்லை. இந்தத் தடவை வழிவிடச் சொல்லி அடிக்கவில்லை.

அதற்குப் பிறகும் நல்ல மழை. கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தது. நிறைந்து வழிந்த தண்ணீரைப் பார்க்கச் சுற்று வட்டாரமே வந்தது. கிணறு மெல்ல மெல்ல இனித்தது. தலைவர் கடையில் கிணற்றுத் தண்ணீரில் காப்பி போட்டு எனக்குத்தான் முதல் டம்ளர் கொடுத்தார். திரியவில்லை.

அப்போது சேர்மன் ஜீப்பில் வந்தார். கோவிக்கவில்லை. கூட்டத்தைப் பார்த்ததும் மாலையை வாங்கிப் போட்டுக்கொண்டார். மறுகால் பக்கம் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: “இந்த வரத்துக்கால்ல நான் சின்னப் பிள்ளையில எத்தனை நாள் குளிச்சிருக்கேன்! பள்ளிக்கூடத்துக்கே இதுல எறங்கித்தான் போவேன்.” எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். எனக்குக் கை வரவில்லை.

கொஞ்ச நாளில், பழுது பார்க்கிறோம் என்று யூனியன் ஆட்கள் வந்தார்கள். நாங்கள் பாவிய கல்லைப் பெயர்த்துப் போட்டு, மனுஷன் நுழைய முடியாத சிமெண்டுக் குழாயைப் புதைத்து, மேலே மண்ணை நிரப்பி ரோட்டைப் பழையபடி உயர்த்தினார்கள். ஒவ்வொரு மழைக்கும் குழாய் அடைக்கிறது. மூங்கிலை விட்டுக் குத்துகிறோம். பாதித் தண்ணீர் இன்றைக்கும் தெற்கே போகிறது. பஞ்சாயத்து கலைந்துவிட்டது. அதற்குப் பதிலாக இப்போது இருக்கிற அதிகாரி நாங்கள் போட்ட தீர்மானத்தைப் படித்தும் பார்க்க மாட்டார். போன கோடையில் கிணறு மறுபடி உவர்க்கத் தொடங்கிவிட்டது. சேர்மனாக இருந்தவரோ பந்தலில் மைக் பிடிக்கிறார்.

எங்கள் ஆட்கள் ஓவர்சியரிடம் வண்டிப்பாதை என்று சொன்னது முட்டாள்தனம். அதை நாங்கள் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் சேர்மன் அவர்களே, நீங்கள் அதில் குளித்தவர். உங்கள் குடும்பத்து வயல் தெற்கு ஓடைக் கண்மாய்க்குக் கீழே இருக்கிறது. ரோட்டுக்குக் கையெழுத்துப் போட்டபோது அது வரத்துக்கால் என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியும் என்றால் ஏன் பாலம் வைக்கவில்லை? தெரியாது என்றால் குளித்தது எதில்? எங்கள் சப்பாத்தைப் பெயர்த்துக் குழாய் வைக்கச் சொன்னது யார்?

ஆள் அனுப்ப வேண்டாம். ஜீப்பில் உட்கார்ந்தபடி பேச வேண்டாம். அடுத்த இடி கேட்கிற அன்றைக்கு அந்தக் குழாய்மேல் வந்து நின்று, எங்கள் ஊர் ஆட்களும் உங்கள் ஊர் ஆட்களும் கேட்கப் பதில் சொல்லுங்கள்.