இறங்குகிற கணக்கு

எழுபதுகளின் கடைசியில் போடியில் ஒரு ஏலக்காய் மண்டியில் எனக்கு வேலை. மலையிலிருந்து வருகிற மூட்டைகளை எடைபோட்டே வயது முப்பதாகிவிட்டதால், மலையைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள்கூட அதில் ஏறியதில்லை.

என் மனைவி பக்கத்துச் சிலமலை ஊர்க்காரி. மசக்கையில் எதைத் தின்றாலும் குமட்டிக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று நாரத்தங்காய் மேல் ஆசை வந்தது. அதுவும் எல்லையோரத்து எஸ்டேட் ஒன்றில், கிணற்றடியில் நிற்கிற மரத்துக் காய்தான் வேண்டுமாம். சின்ன வயதில் தன் ஆத்தாளோடு ஏலக்காய் எடுக்கப் போனபோது தின்றதாம். "நானே போய்க் கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டேன். வாய் சும்மா இருந்தால்தானே.

சைக்கிள் கடை வைத்திருந்த நண்பனையும் சேர்த்துக்கொண்டு இரண்டு வாரம் திட்டம் போட்டேன். மூட்டை சுமந்து வருகிறவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து விசாரித்தேன். எஸ்டேட்டில் விடியக் கிளம்பினால் பொழுது சாய நடுவழிக் கொட்டகை, மறுநாள் விடிய எழுந்து நடந்தால் மத்தியானம் போடி என்று எல்லாரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள். அதை அப்படியே திருப்பிப் போட்டு எழுதினேன். முதல் நாள் மத்தியானம் கொட்டகை, அங்கே ஓய்வு. இரண்டாம் நாள் சாயந்திரம் எஸ்டேட். நாலாம் நாள் மத்தியானம் வீட்டில் சாப்பாடு.

அவளிடம் வாசித்துக் காட்டினேன். "ஏங்க, அவுக சொன்னது எறங்குற கணக்குல்ல?" என்றாள்.

"பாதை ஒண்ணுதானே, போகும்போது மட்டும் நீண்டுருமா?" என்று அவள் வாயை அடைத்தேன். கூட இருந்த நண்பன் விழுந்து விழுந்து சிரித்தான்.

முதல் நாள் மத்தியானம் கொட்டகையில் இருக்கவேண்டிய நாங்கள், மலையடிவாரத்துக் குரங்கணிக்குச் சற்று மேலே ஒரு பாறையில் மல்லாந்து கிடந்தோம். ஸ்டவ், ஜமுக்காளம், டிரான்சிஸ்டர் எல்லாம் சுமந்து வந்த நண்பன், "மாப்ளே, ஓய்வுன்னு எழுதியிருந்தியே, அது இதானா?" என்றான். கொட்டகை கண்ணில் பட்டது இரண்டாம் நாள் இருட்டுகிற நேரத்தில். ஏலக்காய் மலையிலிருந்து இறங்கத்தான் செய்யும். ஏறுகிற கதையை மண்டிக்கு வந்து யார் சொல்லப்போகிறார்கள்?

எஸ்டேட்டுக்கு இன்னும் இரண்டு நாளாவது ஆகும். நாலாம் நாள் வரவில்லையென்றால் அவள் பயந்துபோவாள். வெறுங்கையோடு போனால் என் மானம் போகும். அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. விடிந்ததும் திரும்பி நடந்தோம். மத்தியானம் போடி. மொத்தத் திட்டத்தில் இறங்குகிற அந்த ஒரு கணக்கு மட்டும் அப்படியே பலித்தது.

சந்தையில் நாலு நாரத்தங்காய் வாங்கி, மலைக்காய் மாதிரித் தெரியட்டும் என்று மண்ணில் புரட்டிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஒருநாள் முன்னதாகவே வந்து நின்றவனை அவள் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். காயைக் கழுவி நறுக்கி, உப்புத் தொட்டுத் தின்றாள். எத்தனையோ நாளைக்கு அப்புறம் தின்றது வயிற்றில் தங்கியது.

"நல்லாருக்கா?" என்றேன்.

"அதே ருசி" என்றாள். "நாளைக்குச் சந்தைப் பக்கம் போனா இன்னும் ரெண்டு வாங்கிட்டு வாங்க. மண்ணுல பொரட்ட வேணாம்."