லைன் பிஸியாக இருந்த செவ்வாய்க்கிழமை

"கீ...ங்" என்று முதலில் ஒரு விசில், பிறகு தொண்டை கட்டியவர் செருமுவது போல ஒரு கரகரப்பு, கடைசியில் சட்டென்று அமைதி. மோடம் இணைந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். பாபநாசத்தில் எங்கள் தெருவிலேயே அந்தச் சத்தம் கேட்கிற ஒரே வீடு எங்களுடையது என்று பன்னிரண்டு வயதில் எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால், அந்தச் சிறுமியை இழுத்து வைத்து ஒரு அறை விடலாம் போலிருக்கிறது.

அத்தா சவூதியில் ஸ்டோர் கீப்பர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து இரண்டு மாதம் இருப்பார். அப்படி ஒரு லீவில்தான் தஞ்சாவூரிலிருந்து வாடகைக் காரில் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இறக்கி, "எம் புள்ள இனிமே எனக்கு இ-மெயில் போடும்" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு விமானம் ஏறினார். அம்மா அதற்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்தார். செருப்புக் காலோடு அந்த அறைப்பக்கம் வரக்கூடாது என்றார். கூடப்பிறந்தவர்கள் இல்லாத எனக்கு அந்தப் "பொட்டி"தான் துணை. ஆனால் வீட்டில் இருந்தது ஒரே லைன். "நெட் போட்டால்" போன் வராது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அத்தா கூப்பிடுவார் என்பதால் அன்று உறையைக் கழற்றவே அம்மா விடமாட்டார். மற்ற நாட்களில் அரை மணி நேரம் எனக்கு.

அது ஐப்பசி மழை. வயலும் வாய்க்காலும் ஒன்றாகிக் கிடக்க, பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை. அம்மா கொல்லைப்பக்கம் வேலையாக இருந்தார். நெட் போட்டுப் பார்த்தால், அத்தா ஆபீஸ் நண்பரைப் பிடித்துத் தன் போட்டோவை அனுப்பியிருந்தார். அந்தக் காலத்தில் போட்டோ மேலிருந்து கீழே, கோடு கோடாகத்தான் இறங்கும். முதலில் சுவர், பிறகு முடி, கால் மணி நேரம் கழித்து நெற்றி. கண் வருவதற்குள் லைன் அறுந்துவிடும். விடுவேனா? மறுபடியும் முதலிலிருந்து. அரை மணியாவது ஒன்றாவது, இரண்டு மணி நேரத்துக்கு மேல் போராடி மீசை வரைக்கும் அத்தாவை வரவழைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அம்மா ரிசீவரைப் பிடித்திருக்க, மறுபக்கம் நானும் காதை ஒட்டிக்கொண்டிருந்தேன். "செவ்வாக்கெழம மூணு தடவ அடிச்சேன். மழையில லைன் போயிருக்கும் போல. இன்னும் ரெண்டு வருசம் இருக்கியா, ஊருக்குப் போறியான்னு மேனேஜர் அன்னைக்கே பதில் கேட்டாரு. 'வந்துடுங்க'ன்னு நீ ஒரு வார்த்தை சொன்னா வந்துடலாம்னு இருந்தேன். லைன் கெடைக்கல. கையெழுத்து போட்டுட்டேன்" என்றார் அத்தா.

அம்மா என்னைப் பார்த்தார். நான் ரிசீவரிலிருந்து காதை எடுத்துவிட்டேன். "ஆமாங்க, மழையில லைன் செத்துப்போச்சு" என்றார் போனில். அடிக்கவில்லை, திட்டவில்லை. சாயங்காலம் கம்ப்யூட்டர் உறையின் நாடாவை இன்னும் இறுக்கி முடிந்தார். திட்டித் தொலைத்திருக்கலாம். அந்த இரண்டு வருடமும், இரண்டு பெருநாளுக்கும் புதுத்துணி உடுத்தி போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. யாரிடமும் சொல்ல முடியாமல் நான் தனியாகிப்போனது அப்போதுதான்.

போன ரமலானில், அம்மா இறந்த பிறகு வந்த முதல் நோன்பில், அத்தாவிடம் சொல்லிவிட்டேன். கஞ்சியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "தெரியும்மா. செத்த லைன்ல பிஸி சத்தம் வராது. காலையிலதான போட்டோ அனுப்புனேன். எம் புள்ள என்னையத்தான் பாத்துக்கிட்டு இருக்குன்னு நெனச்சுக்கிட்டேன்."

மோடம் இல்லை, அந்த லைனும் இல்லை. போன் இருந்த மேசையில் இப்போது அத்தாவின் மாத்திரை டப்பா. சென்னையில் நான் ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கும்போது அவர் வீடியோ காலில் கூப்பிட்டால், எடுப்பதற்கு முன்பே ரிங் நின்றுவிடும். நான் திரும்பக் கூப்பிட்டால் முழு முகமும் ஒரே நொடியில் வருகிறது. "நீ பிஸியா இருப்பேன்னு வச்சுட்டேம்மா" என்கிறார்.