தங்கூசி பிடித்து ஓட்டிய கார்

எங்கள் இப்போதைய வண்டி சந்தியில் நின்றால் தானாகவே எஞ்சினை அணைத்துக்கொள்ளும். பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் தானாகவே கிளம்பும். பெற்றோல் மிச்சமாம். என் கணவருக்கு அதில் தலைகால் தெரியாத பெருமை. எனக்கோ அது அணையும் ஒவ்வொரு தடவையும் நெஞ்சு திக்கென்கிறது. வலது கை தன்பாட்டில் முன்னால் நீண்டு ஒரு தங்கூசியைத் தேடுகிறது. வலைக்குப் பாவிக்கிற நைலோன் நூலைத்தான் நாங்கள் தங்கூசி என்போம். பழைய வெள்ளைக் காரில் பழகிய கை அது.

அந்தக் காரை நினைத்தால் எனக்கு இன்றும் கோபமும் ஆசையும் சேர்ந்தேதான் வரும்.

என் கணவர் கடல் தொழில் செய்பவர். குறிஞ்சிப்பிட்டியில் எங்கள் வீடு. முதல் பிள்ளை ஏழு மாதமாக வயிற்றில் இருந்தபோது, ஒரு காலையில் எனக்கு இரத்தம் பட்டது. சிலாபம் ஆஸ்பத்திரியில்தான் காட்டிக்கொண்டிருந்தேன். உடனே காரில் புறப்பட்டோம். பாலாவிச் சந்திக்குச் சற்று முன்னால், ஒரு மதகடியில், எஞ்சின் சூடேறி இறுகி நின்றுவிட்டது. வெயிலில் காத்திருந்து, வந்த லொறி ஒன்றில் ஏறிப் போய்ச் சேர்ந்தோம். பிள்ளை தங்கவில்லை. நேரத்தோடு வந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று டொக்டர் அவரிடம் இரண்டு தரம் எடுத்துச் சொன்னார். அவர் காதில் அது ஏறவில்லை. நான் அழுதேன். அவர் அழவில்லை, காரைத் திட்டினார்.

இரண்டு கிழமைக்குள் வேறு எஞ்சின் வாங்கிவந்தார். பழைய வாகனங்களைக் கழற்றி விற்கிற இடத்தில் எடுத்தது. அதே கம்பனி, அதே அளவு, ஆனால் எங்கள் காருக்குப் பிறகு வந்த மாதிரி. விற்றவர் எஞ்சினோடு அதன் கம்பியூட்டர் பெட்டியையும் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார். எவ்வளவு பெற்றோல் விடுவது, எப்போது பொறி கொடுப்பது என்று எஞ்சினுக்குச் சொல்லுகிற பெட்டி அது. இவர் வேண்டாம் என்றுவிட்டார், எங்கள் காரில் ஒன்று இருக்கிறதே என்று. இவரைக் குற்றம் சொல்லி என்ன? கடற்கரையில் எஞ்சின் மாற்றுவது சட்டை மாற்றுகிற மாதிரி. ஒரு போட்டில் பழுதானால் தம்பியின் போட்டிலிருந்து கழற்றி வந்து பூட்டிவிட்டுப் போய்க்கொண்டிருப்பார்கள். எந்தப் போட்டும் எந்த எஞ்சினையும் யாரென்று கேட்டதில்லை. காரும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார். பொருந்திய வயர்களைப் பொருத்தினார், பொருந்தாதவற்றை வெட்டி முறுக்கி ஒட்டினார்.

கார் ஓடியது. ஆனால் பெற்றோல் நாற்றம் குடலைப் பிடுங்கும், பின்னால் கறுப்புப் புகை, முன்னால் மஞ்சள் விளக்கு அணையவே அணையாது. எல்லாவற்றையும் விட மோசம், காரை நிறுத்தினால் எஞ்சினும் நின்றுவிடும். மதுரங்குளியில் கராஜ் வைத்திருந்த ஒரு முஸ்லிம் அண்ணர், நாங்கள் நாநா என்போம், வயர்களை முகர்ந்து பார்த்துவிட்டு, உப்புக் காற்றுத்தான் என்றார். நாங்களும் தலையாட்டினோம். எங்கள் பக்கத்தில் ரேடியோ செத்தாலும் உப்புக் காற்று, பூட்டு இறுகினாலும் உப்புக் காற்று. என் கணவர் கிழமைக்கொரு தடவை பல்தூரிகையால் வயர் முனைகளை எல்லாம் தேய்த்தார். அந்தத் தூரிகை என்னுடையது.

காரை நிறுத்தும்போது ஒரு கால் கிளச்சில், மற்றக் கால் பிரேக்கில். எஞ்சினை உயிரோடு வைத்திருக்க மூன்றாவது கால் ஒன்று வேண்டும். அதற்குத்தான் தங்கூசி. எஞ்சினில் காற்றுத் திறக்கிற கைப்பிடியில் ஒரு முனையைக் கட்டி, டாஷ்போர்டுக்குக் கீழால் எடுத்து, மறுமுனையில் வலை மிதப்பு ஒன்றைப் பிடியாகக் கட்டி என் கையில் தந்தார். கார் நிற்கப்போகும்போது நான் இழுக்க வேண்டும், புறப்பட்டதும் விட வேண்டும். பூசைக்கு, சந்தைக்கு, கலியாண வீட்டுக்கு எல்லாம் அப்படித்தான் போனோம். வீட்டில் கோபித்துக்கொண்டு ஏறினாலும் முதல் சந்தியில் சமாதானமாகியே தீர வேண்டும். அந்த நாட்களைப் போல நாங்கள் இருவரும் ஒட்டிக்கொண்டு இருந்த காலம் பிறகு வரவில்லை.

அடுத்த பிள்ளைக்கு ஒரு விடியற்காலையில் நோவு கண்டது. அதே பாதை, அதே கார். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. ஏத்தாளைக்குக் கிட்ட, பாதை நடுவில் கழுதைகள் நின்றன. நான் இழுத்துப் பிடித்தேன், எஞ்சின் நின்றுவிடவில்லை. மதகைக் கடக்கும்போது வழக்கம்போல அவர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். மதுரங்குளிச் சந்தியில் பஸ் ஒன்று குறுக்கே நிற்க, சரியாக அந்த நேரம் எனக்கு நோவு எழும்பியது. தங்கூசியை அப்படியே இழுத்துவிட்டேன். கார் அலறியது, நானும் அலறினேன். பழக்கடைக்காரர் பதறி எழும்பினார். பஸ் தானாக வழிவிட்டது. சிலாபத்துக்குப் போய்ச் சேரும்வரை அந்த மிதப்பு என் கையை விட்டு இறங்கவில்லை. உள்ளங்கையில் தங்கூசி வெட்டிய காயத்தோடுதான் மகளை முதன்முதலில் தூக்கினேன்.

மகளுக்கு நாலு மாதமானபோது, பெற்றோல் நாற்றத்தில் அவள் இருமுவதைப் பார்த்து, இனி இந்தக் காரில் ஏறமாட்டேன் என்று சண்டை பிடித்தேன். சிலாபத்தில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்தவர் கைக்கடக்கமான ஒரு கருவியைச் செருகிப் பார்த்தார். எஞ்சின் ஒரு காருடையது, பெட்டி இன்னொரு காருடையது என்றார். இந்தப் பெட்டிக்கு இந்த எஞ்சினைத் தெரியவே தெரியாதாம். இவ்வளவு காலம் எப்படி ஓட்டினீர்கள் என்று கேட்க, நான் தங்கூசியைக் காட்டினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். என் கணவர் சிரிக்கவில்லை.

அடுத்த கிழமை சரியான பெட்டியைத் தேடிப் பூட்டித் தந்தார்கள். தங்கூசியை மட்டும் கழற்றவில்லை, பழக்கத்தில் மிதப்பு என் கையில்தான் இருந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் மதுரங்குளியில் நின்றோம், பாலாவியில் நின்றோம். எஞ்சின் தாளம் தப்பாமல் ஓடிக்கொண்டே இருந்தது. பாலாவி தாண்டி, அந்த மதகடிக்கு வந்ததும் அவர் காரை ஓரங்கட்டினார். அந்த இடத்தில் அவராக நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

"பெட்டியையும் கொண்டு போகச் சொல்லி அவன் சொன்னான். நான்தான் கேக்கல்ல," என்றார். "மகள் பிறந்த அன்டைக்கும் இது வழியில நின்டிருந்தா?"

"நிக்கல்லதானே," என்றேன். "நான் பிடிச்சிக்கிட்டுத்தானே இருந்தன்."

அவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார். அன்று ஆஸ்பத்திரியில் அழாததையும் சேர்த்து அழுதார். மடியில் மகள் தூங்கினாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இனிப் பிடிக்கத் தேவையில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கியரில் கை வைக்கும்வரை நான் தங்கூசியை விடவில்லை.