சுகம் விசாரித்தவருக்குக் கொடுத்த தோட்டா

கடையில் என் பக்கத்து மேசை லாச்சியில், பேனைகளுக்கும் இறப்பர் வளையங்களுக்கும் நடுவே, ஒரு தோட்டா கிடக்கிறது. சுண்டுவிரலில் பாதிக்குக் கொஞ்சம் கூட இருக்கும். பித்தளை உடம்பு, ஒடுங்கிய கழுத்து, நுனியில் சிவப்புப் பிளாஸ்ரிக்கில் ஒரு பொட்டு. அதிலிருந்து பறந்துபோய்த் தைக்கும் சன்னம் ஒரு நெல்மணியைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். வளை தோண்டித் தோட்டத்தைக் கெடுக்கும் கிரவுண்ட்ஹொக்கைச் சுட அது போதும். நாய்க்கும் நரிக்கும் நடுவில் நிற்கும் கயோட்டியைச் சுடப் போதாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் ஒருவருக்கு அதைக் கொடுத்தேன்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. பெயர் எழுதினால் நாலு பேர் அவருக்காகப் பரிந்துகொண்டு வருவார்கள். நாங்கள் அவரைச் சுப்பர்வைசர் அண்ணை என்றுதான் கூப்பிட்டோம். ஊரை விட்டு இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து, ரெக்ஸ்டேலில் ஒரு பாண் சுடும் தொழிற்சாலையில் நான் மாவு குழைத்த காலம் அது. சட்டைப் பையில் ஒரு வெப்பமானி வைத்திருப்பார். குழைத்த மாவில் அதைக் குத்திப் பார்த்துவிட்டு, எங்கள் முகத்தையும் அதே மாதிரிப் பார்ப்பார். புருவத்தில் எப்போதும் மாத்தூள். கொழும்பில் கந்தோரில் எழுத்து வேலை பார்த்தவர் என்பதால் ஆங்கிலம் தண்ணீர்பட்டபாடு. எங்கள் எல்லாருக்கும் படிவம் நிரப்பிக் கொடுப்பது அவர்தான். சாப்பாட்டு மேசையில் தன் கறியைத் தள்ளி வைத்துவிட்டு எழுதித் தருவார். அதற்காக ஒரு தேத்தண்ணிகூட வாங்கிக் குடித்ததில்லை. நல்ல மனுசன் என்றுதான் நானும் சொல்லித் திரிந்தேன். ஒரே ஒரு குணம் மட்டும் அப்போதே உறுத்தியது. வெள்ளைக்கார மனேச்சர் பக்கத்தில் நின்றால் எங்களில் ஒருவரைப் பகிடி பண்ணாமல் அவரால் இருக்க முடியாது. மனேச்சர் சிரித்தால் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும்.

என்னை வளர்த்தது என் பெரியம்மா. அம்மாவுக்கு நான் ஆறாவது பிள்ளை. பிறந்ததும் அவ படுக்கையில் விழுந்துவிட, பெரியம்மா என்னைத் தூக்கிக்கொண்டு போய்ப் பத்து வயதுவரை தன்னோடு வைத்திருந்தா. பெரியம்மா இறந்த செய்தி வந்த அன்று லீவு கேட்கப் போனேன். படிவத்தில் தாய், தகப்பன், மனைவி, பிள்ளை என்று நாலு பெட்டிதான் இருந்தது. பெரியம்மாவுக்குப் பெட்டி இல்லை. நான் பேனையைப் பிடித்துக்கொண்டு முழித்தேன். சுப்பர்வைசர் அண்ணைதான் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். "அம்மா எண்டு போடுவம், பெரியம்மாவும் அம்மாதானே," என்று தன் கையாலேயே அடையாளம் இட்டார். எனக்கு அது பொய்யாகவே படவில்லை. ஊரில் யாரிடம் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். மூன்று நாள் லீவு கிடைத்தது. அவருக்கு மனதுக்குள் கைகூப்பினேன்.

அடுத்த வருடம் என்னைப் பெற்றவ போய்விட்டா. எங்கள் வழக்கத்தில் தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன் கொள்ளி வைக்க வேண்டும். இளையவன் நான். நாலு நாள் பிரேதத்தை வைத்திருக்கிறோம், எப்படியாவது வந்துவிடு என்று அண்ணன் தொலைபேசியில் சொன்னார். மாவு படிந்த கையோடு அலுவலகத்துக்கு ஓடினேன். மனேச்சர் என் கோப்பைத் திறந்தார். பழைய படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். என்னைப் பார்த்தார், பிறகு பக்கத்தில் நின்ற சுப்பர்வைசர் அண்ணையைப் பார்த்தார். அவர் ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். எழுதியது நான்தான், எங்கள் ஆட்களுக்குப் பெரியம்மாவும் தாய்தான் என்று ஒரு வசனம். அவர் சிரித்தார்.

"உனக்கு அம்மா எத்தினை தரமடா சாவா?"

என்னிடம் தமிழில் கேட்டுவிட்டு, அதையே ஆங்கிலத்தில் மனேச்சருக்கும் சொன்னார். மனேச்சரும் சிரித்தார். பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு, மரணச் சான்றிதழ் வந்தால் லீவு, இல்லாமல் போனால் வேலை இல்லை என்றார். சான்றிதழ் வர ஒன்பது நாள் எடுத்தது. அதற்குள், அண்ணன் மூத்தவர் என்பதால், அக்காவின் மூத்த மகன் எனக்குப் பதிலாகக் கொள்ளி வைத்துவிட்டான். செத்தவீட்டு வீடியோவை அனுப்பியிருந்தார்கள். அவன் தோளில் குடத்தோடு சிதையைச் சுற்றி வருவதை ரெக்ஸ்டேலில் ஒரு நிலக்கீழ் அறையில் இருந்து பார்த்தேன். திரும்பிப் பார்க்காமல் நடந்து போனான். நான் அந்த இடத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன்.

வேலையை எறிந்துவிட்டுப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். மனைவியை இங்கே கூப்பிடும் விண்ணப்பம் அப்போது நடந்துகொண்டிருந்தது. வேலைக் கடிதம் இல்லாமல் போனால் எல்லாம் குழம்பிவிடும் என்று பயந்தேன். பயந்தவன் நான்தான், மறுக்கவில்லை. ஆனால் என் பயத்தை நான் மன்னித்துவிட்டேன், அந்தச் சிரிப்பை மன்னிக்கவில்லை. பழி என்றால் கத்தி, கொலை என்று நினைக்கிறார்கள். என் பழி ஒரு கேள்வி. அவர் என்னிடம் கேட்ட கேள்வியை அவரிடமே ஒருநாள் திருப்பிக் கேட்க வேண்டும். அப்போது அவர் முகம் என்ன பாடுபடும் என்று 401 நெடுஞ்சாலையில் வாகன நெரிசலில் நிற்கும்போதெல்லாம் நினைத்துப் பார்ப்பேன். பதினாலு வருடம் அப்படி நினைத்துப் பார்த்தேன். நினைக்க நினைக்க ஒரு ருசி இருந்தது.

இதற்கிடையில் நான் பாண் வேலையை விட்டு இந்தக் கடைக்கு வந்துவிட்டேன். றிச்மண்ட் ஹில்லுக்கு வடக்கே வேட்டைத் துப்பாக்கிகளும் மீன்பிடிச் சாமானும் விற்கும் கடை. முதலில் பெட்டி அடுக்கினேன், பிறகு கவுண்டரில் நின்றேன். நான் ஒரு குருவியைக்கூடச் சுட்டதில்லை. ஆனால் கேட்டுக் கேட்டே படித்துவிட்டேன். வருகிறவர்கள் துவக்கின் அழகைப் பார்த்து முதலில் துவக்கை எடுப்பார்கள். நான் அதை வாங்கித் திருப்பி வைத்துவிட்டு நாலு கேள்வி கேட்பேன். என்ன மிருகம், எவ்வளவு தூரம், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது, தோல் வேண்டுமா. அதற்கேற்ற தோட்டா எது என்று முடிவானால் துவக்கு தானாக வந்து சேரும். அவசரப்படுகிறவர்களுக்கு நான் விற்பதில்லை என்று முதலாளி என்னைக் கேலி செய்வார்.

ஒரு வசந்த காலத்துக் காலையில் சுப்பர்வைசர் அண்ணை கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். புருவம் இப்போது மாவில்லாமலே வெள்ளை. என்னைக் கண்டதும் "எட தம்பி" என்று இரண்டு கையையும் விரித்தார். ஓய்வு பெற்றுவிட்டாராம். நகரத்துக்கு வெளியே ஒன்றரை மணித்தியால ஓட்டத்தில் ஒரு காணி வாங்கி ஆடு வளர்க்கிறாராம். கயோட்டிகள் ஆறு குட்டியைக் கொண்டுபோய்விட்டன. பரீட்சை எழுதித் துவக்கு அனுமதி அட்டையும் எடுத்துவிட்டார். ஒவ்வொன்றாகச் சுட்டுத் தள்ளப் போவதாகப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அந்த மிருகங்கள் மேல் அவருக்கு இருந்த வன்மத்தைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆறு குட்டிக்கு இவ்வளவென்றால் எனக்கு எவ்வளவு இருக்க வேண்டும்.

ஆனாலும் வேலை வேலைதான். நாலு கேள்வியையும் கேட்டேன். தூரம் நூற்றைம்பது, இருநூறு கஜம். வெட்டவெளி, காற்று அதிகம். பின்னால் மண்மேடு. தோல் யாருக்கு வேண்டும் என்றார். கணக்குச் சுலபம். 223 என்ற தோட்டா அதற்குப் போதும், பரவலாக எல்லாரும் வாங்குவது அதைத்தான். காற்று அதிகம் என்றபடியால் சன்னம் கொஞ்சம் பாரமான 243 இன்னும் நல்லது. பட்டால் கயோட்டி நின்ற இடத்திலேயே விழும். 243 பெட்டியில் என் கை போய்விட்டது. சத்தியமாகப் போய்விட்டது. அதை எடுத்து வைத்துவிட்டு, துவக்கையும் காட்டிவிட்டு, அதன்பிறகு பதினாலு வருடக் கேள்வியைக் கேட்பது என்றுதான் நினைத்திருந்தேன்.

கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு அவர் கேட்டார்: "பிறகென்ன தம்பி, அம்மா சுகமே?"

நான் அவர் கண்ணைப் பார்த்தேன். பகிடி இல்லை, நடிப்பும் இல்லை. உண்மையாகவே சுகம் விசாரிக்கிறார். அவருடைய தலையில் அந்த அலுவலகம் இல்லை, படிவம் இல்லை, சிரிப்பு இல்லை. நான் தினமும் தூக்கிச் சுமந்த ஒன்றை அவர் ஒரு நாள்கூடத் தொட்டிருக்கவில்லை. "ஓம் அண்ணை, சுகம்," என்றேன். 243 பெட்டியை இருந்த இடத்தில் தள்ளிவிட்டு, கீழ்த்தட்டில் இருந்த சின்னப் பெட்டியை எடுத்தேன். இது போதும் அண்ணை, சத்தம் குறைவு, தோளில் உதைக்காது, நேர்கோடாகப் போகும் என்றேன். அத்தனையும் உண்மை. கயோட்டிக்குப் போதாது என்ற ஒரு வசனத்தை மட்டும் சொல்லவில்லை. அவர் அன்று ஒரு வசனத்தைச் சொல்லாமல் விட்டவர்தானே. அதற்கேற்ற துவக்கையும் வாங்கிக்கொண்டு, எங்கட பெடியன் ஒருத்தன் இங்கே நிற்பது நல்லதாய்ப் போய்விட்டது என்று என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். அன்று நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

நாலு வாரம் கழித்துத் திரும்பி வந்தார். முகம் வற்றிப்போயிருந்தது. மெதுவாகத்தான் சொன்னார். வேலியடியில் வந்து நின்ற கயோட்டிக்குச் சரியாகக் குறிவைத்தாராம், பட்டதாம். அது தன் வயிற்றைத் தானே கடித்துக்கொண்டு சுற்றிவிட்டுப் பற்றைக்குள் போய்விட்டது. மூன்று நாள் அனுங்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நாலாம் நாள் தேடிப் போனபோது ஒரு சீடர் மரத்தின் கீழே உயிரோடு கிடந்தது. பெட்டையாம், பால் கட்டியிருந்ததாம்.

"கண்ணை மூடாமல் என்னையே பாத்துக்கொண்டு கிடந்தது தம்பி. எனக்கு அதை முடிக்கக் கை வரேல்லை. பக்கத்துக் காணிக்காரன் வந்துதான் முடிச்சவன்."

கயோட்டிக்கு இந்தச் சாமானைத் தந்த முட்டாள் யார் என்று அந்த ஆள் கேட்டாராம். அண்ணை என் பெயரைச் சொல்லவில்லை. எங்கட பெடியன் பிழையாகச் சொல்லியிருக்கமாட்டான், நான்தான் தூரத்தைப் பிழையாகச் சொல்லியிருப்பேன் என்று சொன்னாராம். அதைக் கேட்டு நான் உருகியிருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்களா? இல்லை. இன்னும் கோபம் வந்தது. நல்லவராக இருக்கும் உரிமையை இவருக்கு யார் கொடுத்தார்கள்? அன்று எனக்காக இப்படி ஒருமுறை பழியை ஏற்றிருந்தால் நான் அம்மாவின் முகத்தைப் பார்த்திருப்பேன். கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு பதினாலு வருடக் கேள்வியைக் கேட்டேன்.

"அண்ணை, அம்மா எத்தினை தரம் சாவா?"

அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்தார். "ஆருடைய அம்மா, தம்பி?"

நான் கேட்டது அவர் காதில் விழுந்திருந்தது. ஆனால் அந்தக் கேள்வி அவருக்குள் எதிலும் போய்ப் படவில்லை. அந்தப் பெட்டைக் கயோட்டியைப் பற்றியதென்று நினைத்தாரோ என்னவோ, அவர் கண் கலங்கியது. எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். சொன்னால் என்ன செய்வார்? பதறுவார். அழக்கூடும். என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்பார். பிறகு அம்மாவுக்காகத் துக்கம் விசாரிப்பார். விசாரித்துவிட்டு மனப்பாரம் இறங்கி வீட்டுக்குப் போவார். அதை மட்டும் நான் கொடுப்பதாக இல்லை. சும்மா கேட்டனான் அண்ணை என்றேன். 243 பெட்டியை எடுத்து வைத்தேன், அதற்கேற்ற துவக்கையும் காட்டினேன். அது அவருக்காக இல்லை. அந்தக் காணியில் இனி வரப்போகும் விலங்குகளுக்காக. இந்தக் கதையில் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியது அந்தப் பெட்டைக் கயோட்டியிடம் மட்டும்தான், அதனிடம் கேட்க வழியில்லை.

போகும்போது அவர் சட்டைப் பையில், முன்பு வெப்பமானி இருந்த அதே இடத்தில், கையை விட்டு ஒற்றைத் தோட்டாவை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். இது போதாது என்று இனி வருகிறவர்களுக்குக் காட்டச் சொன்னார். லாச்சியில் கிடப்பது அதுதான். இன்றுவரை யாருக்கும் காட்டவில்லை, வாயால் சொல்வதோடு சரி.

இப்போதும் வருடத்தில் இரண்டு மூன்று தடவை வருகிறார். ஆடுகள் பெருகிவிட்டன. கயோட்டிகளும் இப்போது நின்ற இடத்திலேயே விழுகின்றன என்கிறார். பெட்டியை வாங்கிக்கொண்டு, தவறாமல், "அம்மா சுகமே?" என்று கேட்கிறார். நான் லாச்சியைக் கொஞ்சம் திறந்து அந்தச் சிவப்புப் பொட்டைப் பார்த்துக்கொள்கிறேன். "ஓம் அண்ணை, சுகமா இருக்கிறா," என்கிறேன். என் அம்மா எத்தனை தரம் சாவா என்று கேட்டவர் அவர். அவருக்கு முன்னால் அவ ஒரு தரமும் சாகமாட்டா.