இரண்டு பெட்டிகளில் டெல்லிக்கு

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நாங்கள் மெஸ் நடத்துகிறோம். இருபத்தாறு வருடங்களில் நான் சும்மா இருந்தது பிரசவத்துக்குப் படுத்தபோது மட்டும்தான். அதைச் சும்மா இருந்தது என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

டெல்லியில் வேலை பார்க்கும் மகன், "ஃப்ளைட்ல வந்துடும்மா, மூணு மணி நேரம்தான்" என்றான். மூன்று மணி நேரம் எனக்கு என்னத்துக்கு ஆகும்? ஒரு நாள் வெங்காயம் உரிக்கவே அவ்வளவு ஆகிறது. ரயில்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். இரண்டு பகல் முழுக்க ஜன்னலோரம் உட்கார வேண்டும், யாரும் "அக்கா, சாம்பார்" என்று கூப்பிடக் கூடாது. என் ஆசை அவ்வளவுதான்.

"நானும் வர்றேன்" என்றார் வீட்டுக்காரர். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. காலில் சக்கரம் கட்டிய மனிதர். கடைத்தெருவுக்கும் மெஸ்ஸுக்கும் நடையாய் நடப்பார். அவர் பக்கத்தில் எங்கே நிம்மதியாக உட்காருவது?

டெல்லி வண்டி எங்கள் ஊரில் நிற்காது. வடக்கே போவதற்காக முதலில் தெற்கே விழுப்புரத்துக்குப் பஸ் பிடித்தோம். டிக்கெட் கடைசி நேரத்தில்தான் உறுதியாகியிருந்தது. எனக்கு எஸ் மூன்றில் சைடு லோயர், அவருக்கு எஸ் ஏழு.

"நீ ஒரு பொட்டியில, நான் ஒரு பொட்டியிலயா? இன்னா பேஜாரு இது!" என்று பிளாட்பாரத்திலேயே புலம்பினார். நான் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் ஒரே குஷி.

விடிந்துகொண்டிருக்கும்போது வண்டி எங்கள் ஊரை நிற்காமல் தாண்டியது. வேகத்தில் பெயர்ப்பலகையைக்கூடப் படிக்க முடியவில்லை. முதல் ஈடு இட்லி இறக்குகிற நேரம் அது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சென்னை வந்ததும் வீட்டுக்காரர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "ஜல்தி, பையத் தூக்கு! என் பொட்டியில மிலிட்டரிக்காரரு ஒருத்தரு சீட்டு மாத்திக்கிறேன்னுட்டாரு. உனக்கு நடு பெர்த்து."

நடு பெர்த்துக்கு ஏது ஜன்னல்? எதிர் சீட்டு அம்மா வேறு, "போங்கம்மா, குடும்பம்னா ஒண்ணா இருக்கணும்" என்று என் பையை எடுத்துக் கையில் கொடுத்தார். வாங்கிக் கீழே வைத்தேன்.

"நான் வரலைங்க. ரெண்டு நாளு தனியா உக்காரணும்."

வீட்டுக்காரர் முகம் சுருங்கிப் போயிற்று. "சரி, உக்காந்துக்கினு இரு" என்று சொல்லிவிட்டுப் போனார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் எழுந்திருக்கவில்லை.

அன்று முழுக்க ஆந்திராவைப் பார்த்தேன். கிருஷ்ணா நதிப் பாலம் போய்க்கொண்டே இருந்தது. வீட்டிலிருந்து கொண்டுவந்த அவித்த வேர்க்கடலையை, எங்கள் ஊர் மல்லாட்டையை, ஒவ்வொன்றாக உரித்துத் தின்றேன். யாரோ சமைத்ததை யாரோ கொண்டுவந்து கொடுக்க, மதியம் சாப்பிட்டேன். குழம்பில் உப்பு கம்மி. அதைச் சரிசெய்வது என் வேலை இல்லை என்பதே ருசியாக இருந்தது.

மறுநாள் வண்டி நாக்பூரைத் தாண்டியது. அவர் எட்டிப் பார்க்கவில்லை, போனும் இல்லை. கோபித்துக்கொண்டிருப்பார், இல்லையென்றால் ஏதாவது ஸ்டேஷனில் இறங்கிச் சுற்றி வண்டியை விட்டிருப்பார் என்று நினைத்தேன். மிச்சமிருந்த மல்லாட்டையை எடுத்துக்கொண்டு, கம்பிகளைப் பிடித்துப் பிடித்து எஸ் ஏழுக்கு நடந்தேன்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். எதிர் சீட்டில் காலை நீட்டி, வயிற்றின் மேல் கைகளைக் கோத்து, வெளியே ஓடுகிற காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கம் இல்லை. சும்மா இருந்தார். இப்படி ஒரு மனிதரை நான் பார்த்ததே இல்லை. வெங்காயம் தீர்ந்துபோச்சு, சிலிண்டர் வரல, இலைக்காரரைக் காணோம் என்று இருபத்தாறு வருடமாக அவர் காலில் இருந்த அந்தச் சக்கரத்தைச் சுற்றிவிட்டது என் வாய்தான். எனக்கு வெட்கமாக இருந்தது.

தலையைத் திருப்பியவர் என்னைப் பார்த்துவிட்டார். உடனே கால்கள் கீழே இறங்கிச் செருப்பைத் தேடின.

"இன்னா? இன்னா வாங்கினு வரணும்?"

"ஒண்ணும் வேணாம். உக்காருங்க."

அவர் நம்பவில்லை. ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு, பாதி எழுந்தபடியே என் முகத்தைப் பார்த்தார். நான் இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.