கற்பிட்டியிலிருந்து மணி வரவில்லை

என் மாமா லாபிரை ஊரில் "கூக்கூ லாபிர்" என்று சொன்னால்தான் தெரியும். மாம்புரிப் பக்கம் ஓர் ஐஸ் தொழிற்சாலையில் மெசின்களைப் பழுதுபார்க்கும் பிட்டராக இருக்கிறார். காலையில் அவருடைய மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை வாசலில் திரும்பும்போதே உள்ளேயிருந்து யாராவது ரயில் மாதிரிக் கூவுவார்கள். பன்னிரண்டு வருடமாகக் கூவுகிறார்கள். அவர் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே, "வண்டி நேரத்துக்கு வந்துட்டுது. ஐஸ் எங்க?" என்று கேட்டபடி உள்ளே போவார்.

வீட்டில் மேசைகளின் மேல் அவர் ஒரு சின்ன ரயில் பாதை வைத்திருக்கிறார். முன்னறையில் பாலாவி ஸ்டேஷன், அடுத்து மாம்புரி. பிறகு சுவரில் குடைந்த ஓட்டை. ஓட்டைக்கு அந்தப் பக்கம் உள்ளறையில் ஏத்தாலை, கண்டக்குழி, கடைசியாகக் கற்பிட்டி. கற்பிட்டி ஸ்டேஷன் மாமியின் தையல் மெசினுக்குப் பக்கத்தில் முடிகிறது. வெல்டிங் கம்பியைத் தட்டித் தண்டவாளம் ஆக்கியிருக்கிறார். பழைய பிரிண்டர்களின் மோட்டர்கள் எஞ்சினுக்குள் ஓடுகின்றன. நான் வெளிநாடுகளில் சுற்றிய காலத்தில் திபிலிசியில் பழைய சாமான் சந்தையில் வாங்கி அனுப்பிய ஒரு ஜெர்மன் எஞ்சினும் உண்டு. அதை அவர் நீலமாகப் பெயின்ட் அடித்து உள்ளூர்ப் பிரசையாக்கிவிட்டார்.

உண்மையில் கற்பிட்டிக்கு ரயிலே கிடையாது. தண்டவாளம் பாலாவி வழியாக நேரே புத்தளத்துக்குப் போய்விடுகிறது. இந்தப் பாதையை மாமாவும் மாமியும் யோசித்து உண்டாக்கினார்கள்.

மாமியின் பெயர் சித்தி மரியம். கண்டக்குழிக்காரி. வீட்டிலிருந்தே அபாயா தைத்துக் கொடுக்கிறார். படகுகள் எத்தனை மணிக்குக் கரை தொடும், மீனை எப்போது ஐஸில் போட வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. அதனால் நேர அட்டவணை அவருடையது. சுபஹுத் தொழுகை முடிந்ததும் 5.40க்கு மீன் வண்டி கற்பிட்டியிலிருந்து புறப்படும். மாமா வேலைக்குப் போகுமுன் அது பாலாவிக்கு வந்து சேர வேண்டும்.

பாதை ஒற்றைப் பாதை. இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால் மோதும். அதற்காக இரண்டு பக்கமும் ஒவ்வொரு சைக்கிள் மணி பூட்டியிருக்கிறார்கள். ஒருவர் இரண்டு தரம் அடித்தால், பாதை காலியா என்று கேள்வி. மற்றவர் இரண்டு தரம் அடித்தால், காலி, அனுப்பு என்று பதில். பதில் வராமல் வண்டி நகராது. ஒருமுறை மாமி தங்கையின் பிரசவத்துக்காக ஒரு மாதம் கண்டக்குழியில் நின்றபோது, அந்த மாதம் முழுக்க ரயில் ஓடவில்லை. "வேலைநிறுத்தமா லாபிர் நானா?" என்று தொழிற்சாலையில் கேட்டார்கள். "ஸ்டேஷன் மாஸ்டர் லீவு" என்றார்.

நான் ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பியவள். எங்கே போனாலும் மாமாவுக்காக ரயில் படங்களைத் தேடுவேன். அப்படித் தேடியதில் ஒன்று கண்ணில் பட்டது. வியன்னாவில் வங்கிச் சுவரொட்டி, ஒசாக்காவில் காப்புறுதி விளம்பரம், இஸ்தான்புல்லில் மூட்டுவலித் தைலம். எல்லாவற்றிலும் பொம்மை ரயிலோடு ஒரே மாதிரியான ஆள்தான் இருந்தார். நரைத்த தலை, மூக்கு நுனியில் கண்ணாடி, பக்கத்தில் யாருமில்லை. வாசலில் தேநீர்த் தட்டோடு நின்று மனைவி தலையை ஆட்டுவாள். ரயில் எங்குமே போகாது, வட்டமாகச் சுற்றும்.

இதைப் பார்த்து எரிச்சல்பட்ட நானேதான், வந்த மாதத்தில் மாமாவை நாற்பது செக்கன் வீடியோ எடுத்து இணையத்தில் போட்டேன். மணிச் சத்தத்தை அழித்துவிட்டுச் சோகமான பியானோ இசை சேர்த்தேன். கடைசியில் உள்ளறை வாசல் திரைச்சீலையை விலக்கி வண்டியை எட்டிப் பார்த்த மாமியின் கை, சட்டகத்தைக் கெடுக்கிறது என்று வெட்டினேன். "என் மாமாவுக்குள் இன்னும் ஒரு சின்னப் பையன்" என்று எழுதினேன்.

அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் கொழும்பிலிருந்து விளம்பரக் கம்பனி வந்தது.

இயக்குனர் பெயர் தர்சன். என் வயதுதான் இருக்கும், மரியாதையான பிள்ளை. ஓய்வூதியக் காப்புறுதி ஒன்றுக்கு விளம்பரம். "உங்களுக்குள் இருக்கும் சிறுவனுக்கு ஒரு பாதுகாப்பு" என்பது வாசகம். மாமா மன்னாரிலிருந்து தொண்ணூறாம் ஆண்டு, முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது, பதினெட்டு வயதில் வந்தவர் என்று கேட்டதும் தர்சனின் கண் மின்னியது.

"அங்கிள், அப்ப இது நீங்க விட்டுட்டு வந்த ஊருக்குப் போற ரயில், இல்லையா?"

"இல்ல தம்பி. மன்னாருக்கு நெனச்சா நாளைக்கே பஸ் ஏறலாம். கற்பிட்டிக்குத்தான் ரயில் இல்ல. அதான் போட்டன்."

தர்சன் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

மாமா ஏன் ஒத்துக்கொண்டார் என்பது எனக்குத் தெரியும். கூவுகிறவர்களுக்குச் சிரிப்போடு பதில் சொல்கிறவர்தான். ஆனால் பிள்ளையில்லாத குறைக்கு விளையாடுகிறான் என்று பள்ளிவாசல் முற்றத்தில் ஒருவர் சொன்னதை மட்டும் அவர் மறக்கவில்லை. மாமாவுக்குக் கட்டாரில் ஹில்மி என்ற மகன் இருக்கிறான் என்றுகூட அந்த மனிதருக்குத் தெரியவில்லை. "ஒருக்கா எண்டாலும் ஆக்கள் இத ஒழுங்காப் பாக்கட்டும் புள்ள. பொறகு சிரிச்சாலும் பரவால்ல" என்றார். படப்பிடிப்புக்கு முன் ஒரு வாரம் ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றி எண்ணெய் போட்டார்.

மாமி திரையில் முகம் காட்ட மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அதற்கென்ன என்று சிலாபத்திலிருந்து அல்பொன்சா என்ற நாடக நடிகையை மனைவியாகக் கொண்டுவந்தார்கள். அவருக்கு ஒரே ஒரு வசனம். மாமி அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

அல்பொன்சா தட்டை இடுப்பில் வைத்து நடித்தே காட்டினார்: "மீன் வாங்கிட்டு வாங்க எண்டா மறந்துடுவீங்க. இந்த ரயில மட்டும் மறக்க மாட்டீங்க!"

மாமி சிரித்துவிட்டார். "இந்த வீட்டுல மீன் வாங்குறது நான் தானே. மறக்கிறதும் நான் தான்."

"அப்ப நான் உங்களையா அக்கா ஏச வேணும்?"

"ஏசிப் பாரு, பாப்பம்."

மாமி சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனார். ஆனால் திரைச்சீலையை இழுத்து மூடிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. மாமாவுக்கும் அது பட்டிருக்க வேண்டும். திரைச்சீலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை பகல், முன்னறை முழுக்க விளக்கு. ஐம்பத்துமூன்று வயது போதாதென்று மாமாவின் தலைக்கு வெள்ளைப் பவுடர் போட்டார்கள். "வேலைக்குப் போனா ஐஸ் தலையில விழுந்துட்டுது எண்டுதான் செல்லணும்" என்றார். அலங்கார உதவியாளர் மேசையை அழகுபடுத்தினார். காலையில் வந்து பாலாவியில் நின்ற மீன் வண்டியின் மூன்று பெட்டிகளும் அவருக்கு அழுக்காகத் தெரிந்தன. அவற்றைக் கண்ணில் படாமல் எங்கோ தள்ளிவைத்தார். எங்கே என்று யாரும் பார்க்கவில்லை.

"உள்ள யாரும் சத்தம் போட வேணாம், பிளீஸ்" என்றார் தர்சன். "அங்கிள், வண்டிய விடுங்க."

மாமா மணியை இரண்டு தரம் அடித்தார். பதில் இல்லை. உள்ளே மெசின் சத்தமும் இல்லை.

"அங்கிள்?"

"மணி வரல்ல தம்பி."

"எந்த மணி?"

"கற்பிட்டியிலருந்து."

கமராக்காரர் தர்சனைப் பார்த்தார். சத்தத்தைப் பிறகு சேர்க்கலாம், நீங்கள் சும்மா விடுங்கள் என்றார் தர்சன். மாமாவின் விரல் வேகத் திருகிக்குப் பக்கத்தில் போய் நின்றது. திருக வேண்டியதுதான், வண்டி ஓடிவிடும். அவர் கையை எடுத்து மறுபடியும் இரண்டு தரம் மணி அடித்தார்.

இந்தத் தடவை உள்ளேயிருந்து பதில் வந்தது. இரண்டு தரம் இல்லை. நான் எண்ணினேன், ஆறு.

மாமாவின் முகம் மாறிவிட்டது. எஞ்சினுக்குப் போகும் மின்சாரத்தையே நிறுத்தினார். "ஆறு மணி அடிச்சா ஆபத்து. பாதையில என்னமோ நிக்குது."

தர்சன் குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார்: "அல்பொன்சா அக்காவ நடிக்க வைக்கிறம் எண்டு அன்ட்டிக்குக் கோபம் போல. கொஞ்சம் போய்க் கதைங்களேன்."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சமாதானப்படுத்தும் வார்த்தைகளை யோசித்துக்கொண்டு உள்ளே போனேன்.

மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தையல் அடிமட்டக் கோலால் தண்டவாளத்தைக் காட்டினார். சுவர் ஓட்டைக்கு இந்தப் பக்கம், ஏத்தாலையைத் தாண்டிய வளைவில், உதவியாளர் ஓட்டைக்குள் தள்ளிவிட்ட மூன்று மீன் பெட்டிகளும் பாதையின் மேலேயே நின்றன. முன்னறையிலிருந்து பார்த்தால் தெரியாது. நீல எஞ்சின் வந்திருந்தால் நேரே அவற்றில் மோதித் தரையில் விழுந்திருக்கும்.

"மாமி, உங்களுக்குக் கோவம் எண்டு நெனச்சோம்."

"கோவந்தான். வசனத்தக் கேட்ட நேரத்துல இருந்து கோவந்தான்" என்றார். "கோவம் எண்டா வாயால செல்லுவன். மணியால பொய் செல்ல மாட்டன்."

"அப்ப முதல் தடவ ஏன் பேசாம இருந்தீங்க?"

"சத்தம் போட வேணாம் எண்டாங்களே. பொறகு பாத்தா இந்த மனிசன் ரெண்டாந்தரமும் அடிக்கிறார். இனி என்ன செய்ய, அடிச்சிட்டன்."

மாமா வந்து குனிந்து பார்த்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை, பெட்டிகளைத்தான் பார்த்தார்கள்.

"பெட்டிய கொளுவுற கப்ளிங் வளஞ்சிட்டா?" என்று மாமா கேட்டார்.

"இல்ல, பாத்துட்டன். கண்டக்குழிக்கு இழுத்து ஓரத்துல போடுவமா?"

"போடு. கொப்பியில எழுதினியா?"

எழுதியிருந்தார். திறந்து கிடந்த பயிற்சிக் கொப்பியில் மாமியின் சாய்ந்த கையெழுத்து: பகல் 11.20, ஏத்தாலை வளைவில் மூன்று பெட்டி, அனுமதியில்லாமல். அதற்கு மேலே ஒவ்வொரு காலையின் நேரமும் இருந்தது. அலுமாரிக்கு மேல், பன்னிரண்டு வருடத்துக் கணக்காக, இன்னும் ஒன்பது கொப்பிகள் இருந்தன. என் நாற்பது செக்கனுக்குள் இவற்றில் ஒன்றுகூட வந்திருக்கவில்லை.

பின்னால் வந்து எட்டிப் பார்த்த அல்பொன்சா தேநீர்த் தட்டை மெசின் மேல் வைத்தார். கொப்பியை வாங்கிப் புரட்டினார். பிறகு முன்னறைக்குத் திரும்பிச் சத்தமாகச் சொன்னார்: "தர்சன் தம்பி, இஞ்ச ரெண்டு பேர் டியூட்டியில நிக்கிறாங்க. இதுல நான் ஆர ஏச?"

தர்சன் கெட்டவரல்ல. வந்து பார்த்தார், உதவியாளருக்காக மன்னிப்புக் கேட்டார், கொப்பியையும் வியந்தார். ஆனால் கொழும்பில் ஒப்புக்கொண்ட கதை வேறு. தனியாக இருக்கும் ஒரு மனிதர், அவருக்கு ஒரு காப்புறுதி. வெளியே போய்த் தொலைபேசியில் நெடுநேரம் பேசிவிட்டு வந்தார். "அங்கிள், மணி இல்லாம ஒரே ஒரு தரம் ஓட்டித் தாங்க. உள்ள ஆள் இருக்கிறது தெரியாட்டிப் போதும். நாடு முழுக்க உங்கட ரயிலப் பாக்கும்."

மாமா கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தபோது பவுடர் குழைந்து காதோரம் வழிந்தது. நாடு முழுக்க என்ற சொல் அவரைத் தொட்டது எனக்குத் தெரிந்தது. சுவர் ஓட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, தனிய ஓட்டினா அது விளையாட்டுச் சாமான். அப்பிடி விளையாடுற ஆளுக்கு நான் குத்தம் செல்ல மாட்டன். ஆனா அது நான் இல்ல. மணியோட எடுக்கிறதா இருந்தா எடுங்க."

உள்ளறையில் தையல் மெசின் ஓட ஆரம்பித்தது.

அவர்கள் விளக்குகளைக் கழற்றினார்கள். மாமா ஒவ்வொருவருக்கும் தேத்தண்ணி கொடுத்து, வயர்களைச் சுருட்டக்கூட உதவினார். வாகனம் போன பிறகு கதிரையில் உட்கார்ந்து, "எல்லாச் சக்கரத்துக்கும் எண்ணெ போட்டன்" என்று மட்டும் சொன்னார். மாமி ஈரத் துவாயோடு வந்து அவருடைய தலைப் பவுடரைத் துடைத்தார். "கெழவனா நல்லாத்தான் இருந்தீங்க" என்றார்.

இரண்டு மாதம் கழித்து விளம்பரம் தொலைக்காட்சியில் வந்தது. வேறு வீடு, வேறு ஆள், கடையில் வாங்கிய ரயில். தலை நரைத்த மனிதர் புன்னகைக்க, அது வட்டமாகச் சுற்றியது. வாசலில் தட்டோடு ஒரு பெண் தலையை ஆட்டினாள். அல்பொன்சா இல்லை.

"சிக்னல் சிவப்புல நிக்குது, இவர் பாட்டுக்கு ஓட்டுறாரே!" என்றார் மாமா.

"ஸ்டேஷனே இல்லியே. ஆர் எறங்குற, ஆர் ஏறுற?" என்றார் மாமி. "பாவம் அந்த மனிசன்."

அன்று நான் பழைய வீடியோவை இணையத்திலிருந்து நீக்கிவிட்டேன். வெட்டாத வீடியோ என் தொலைபேசியில் இருந்தது. கை தெரியலாமா என்று மாமியிடம் கேட்டேன். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஊசி குத்தின கை. ஓம், போடு" என்றார். பியானோ இல்லாமல் மணியோடு போட்டேன். மேலே இப்படி எழுதினேன்: பாலாவி: லாபிர். கற்பிட்டி: சித்தி மரியம். மீன் வண்டி, தினமும் காலை 5.40.

நாடு பார்க்கவில்லை. முதல் நாள் முப்பது பேர் பார்த்தார்கள். அதில் பாதி எங்கள் குடும்பம். ஐஸ் தொழிற்சாலையில் இன்னும் கூவுகிறார்கள்.

மறுநாள் காலை வீடியோவுக்குக் கீழே சிலாபத்திலிருந்து ஒரு கேள்வி வந்திருந்தது. அல்பொன்சா. "மீன் வண்டி இண்டைக்கு நேரத்துக்குப் போனதா?"

வாசித்துக் காட்டினேன். மாமா, "ஒழுங்காக் கேக்குது அந்தப் புள்ள. பதில் போடு" என்றார்.

மாமி கொப்பியைத் திறந்தார். "ஆறு நிமிசம் லேட் எண்டு எழுது. நான் ரெண்டு தரம் மணி அடிச்சன். பாலாவி ஸ்டேஷன் மாஸ்டர் தேத்தண்ணி குடிச்சிட்டு இருந்தார்."

"அத ஏன் எழுதுற?" என்றார் மாமா.

"கொப்பியில இருக்கி" என்றார் மாமி.

அப்படியே எழுதினேன்.