துரை தொடாமலே விழுந்தவர்கள்

தற்காப்புக் கலை என்றதும் முதல் நாளே யாரையாவது தூக்கிப் போடலாம் என்று நம்பிப் போய், விழுவதற்கு மட்டும் பயிற்சி பெற்று, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பிய சக பாவிகளே, இது உங்களுக்குத்தான். எழுபதுகளின் கடைசியில், மலேசியாவின் கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஹாலில் அய்கிடோ என்ற ஜப்பானியக் கலைக்கு ஒரு கிளப் நடந்தது. பக்கத்து டவுனான தானா ராத்தாவில் ஆஸ்பத்திரி வேலை பார்த்த தேவராஜ் மாஸ்டர் மோட்டார் சைக்கிளில் வந்து எங்களை இலவசமாக விழ வைப்பார். நான் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் சின்னக் கிராணி.

தேயிலை மெத்தை

மெத்தை வாங்க வழியில்லை. ஃபாக்டரியில் கழித்த தேயிலைத் தூசைக் கோணிச் சாக்குகளில் திணித்து நாங்களே தைத்தோம். மெத்தென்றுதான் இருந்தது. ஆனால் மழையில் நனைந்து வந்த ஆட்கள் அதில் உருண்டதும் வெள்ளை உடுப்பெல்லாம் சாயம் ஏறியது. துவைத்து அலுத்துப்போன என் மனைவி கேட்டாள்: "ஏங்க, நீங்க சண்டை கத்துக்கப் போறீங்களா, தேத்தண்ணி கலக்கப் போறீங்களா?"

மரியாதைப் பாடம்

தோட்டத்து மேனேஜரான துரைக்கு அந்த ஹாலை உர ஸ்டோராக்க வேண்டும். நான் போய்க் கெஞ்சியதில், "நானும் வந்து கத்துப் பாக்கறேன். புடிச்சா ஹால் உங்களுக்கு" என்றார்.

பிடிக்க வைப்பது எங்கள் பொறுப்பு என்று முடிவு செய்தோம். ரோட்டில் அவர் கார் வந்தாலே சைக்கிளை விட்டு இறங்கி நிற்கிற ஆட்கள் நாங்கள். அவர் கை பட்டதும் விழுந்தோம். போகப் போக, படுவதற்கு முன்பே விழுந்தோம். ஆட்களை வேலை வாங்கும் கங்காணி ஒருநாள், துரை இடுப்புப் பட்டையைச் சரிசெய்வதைப் பார்த்தே பல்டி அடித்தார். துரைக்குப் பெருமை தாங்கவில்லை. மாஸ்டர்தான் நொந்துபோனார்: "தொரை இன்னும் கையவே தூக்கல லா. எந்திரிங்க கங்காணி."

அஞ்சலை

கொழுந்து பறிக்கும் அஞ்சலை, பிள்ளை பெற்ற லீவு முடிந்து கிளப்புக்குத் திரும்பினாள். எங்கள் ஏற்பாட்டை அவளிடம் சொல்ல எல்லோரும் மறந்துவிட்டோம். துரை அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். அவள் அப்படியே நின்றாள். மறுபடியும் முறுக்கினார். மாஸ்டர் சொல்லித்தந்தபடி அவள் நகர்ந்து கையைத் திருப்பினாள். துரை மல்லாந்து கிடந்தார்.

ஹால் போச்சு, அதோடு என் வேலையும் போச்சு என்றே நினைத்தேன். துரை எழுந்து உட்கார்ந்து, எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "கிராணி, உரத்த வேற எங்கயாவது போடு. எனக்கு இன்னும் ஒண்ணுமே தெரியல."

அன்றிலிருந்து துரையை விழ வைக்க அஞ்சலை ஒருத்தியே போதும் என்றாகிவிட்டது. அவரைத் தூக்கி நிறுத்தத்தான் ஒவ்வொரு தடவையும் நாங்கள் நாலு பேர் தேவைப்பட்டோம்.